ஏழாம் எண் காருக்கு யார் வாரிசு?

போன மாதம் வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி வாங்கினேன். தட்டையான இரண்டு அட்டைப் பெட்டிகளில் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தரையில் உட்கார்ந்தேன். மதியச் சோறு ஆறிப்போய், வீட்டில் திட்டும் வாங்கி, மாலை நாலு மணிக்கு அலமாரி ஒருவழியாக நிமிர்ந்து நின்றது. கையில் மூன்று திருகுகள் மிச்சம். அவை எங்கே போக வேண்டியவை என்று இன்றுவரை தெரியாது. அலமாரியும் இன்னும் விழவில்லை.

இதே மாதிரி ஒரு கார் பெட்டி பெட்டியாக வீட்டு வாசலில் வந்து இறங்கினால்? எஞ்சின் ஒரு பெட்டியில், விளக்குகள் ஒன்றில், பிரேக் ஒன்றில், போல்ட்டும் நட்டும் பொட்டலம் பொட்டலமாக. திருகு மிஞ்சினால் சிரித்துக்கொண்டு போய்விட முடியாது. அந்தக் காரில்தான் உங்கள் பிள்ளையை ஏற்றப் போகிறீர்கள்.

இங்கிலாந்தில் கேட்டர்ஹம் என்ற சிறிய நிறுவனம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வியாபாரத்தைச் செய்துவருகிறது. கதவு இல்லை, கூரை என்று சொல்ல ஒரு துணிதான், மழை வந்தால் நனைய வேண்டும். அப்படியும் வாங்க ஆள் இருக்கிறது. அந்த ஐம்பது ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து ஆண்டு, நிறுவனம் ஒரு மலேசியரின் கையில் இருந்தது. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. லண்டனில் ஒரு மதுக்கடையின் பின்கட்டில் தொடங்குகிறது.

வரிக்காகப் பிரிக்கப்பட்ட கார்

லண்டனின் வடபகுதியில் ஹார்ன்சி என்று ஓர் இடம். அங்கே ஸ்டான்லி சேப்மன் என்பவர் ரயில்வே ஹோட்டல் என்ற மதுக்கடையை நடத்திவந்தார். அவர் மகன் காலின் சேப்மன், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டடப் பொறியியல் படித்தபடியே பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். விற்காமல் தேங்கிப்போன ஓர் ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து, தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டினார். அது 1948. மதுக்கடைக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்தான் பிறகு பட்டறை ஆனது. 1952-ல் முறையாக நிறுவனம் தொடங்க அவருக்குக் கைகொடுத்தது, பின்னாளில் மனைவியான ஹேசல் கொடுத்த 25 பவுன் கடன். நிறுவனத்தின் பெயர் லோட்டஸ். நம் மொழியில் தாமரை.

சேப்மனுக்கு எடை என்றால் ஆகாது. எஞ்சினைப் பெரிதாக்கி வேகம் தேடுவதை விட, காரை இளைக்க வைத்து வேகம் தேடுவதே அவர் வழி. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் அந்த வழியின் சுத்தமான உதாரணம். மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு. அதன்மேல் அலுமினியத் தகடு. முன்னால் ஃபோர்டின் சாதாரண 1172 சிசி எஞ்சின். சைக்கிளுக்கு இருப்பது போல் சக்கரத்தோடு ஒட்டிய மட்காப்பு. சனிக்கிழமை அதையே ஓட்டிக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போகலாம், பந்தயத்தில் ஓட்டலாம், சக்கரம் கழன்று போகாமல் இருந்தால் அதிலேயே வீடு திரும்பலாம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிபாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. செவன் காரின் முழு விலை வரியோடு 1,036 பவுன். பெட்டிகளில் வாங்கினால் 536. பாதிக்குச் சற்றே அதிகம்! சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இளைஞன் எதை வாங்குவான் என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில் புதுக் கார் வாங்கப் போனவர்களுக்கு ‘சிகேடி’, ‘சிபியு’ என்ற சொற்கள் காதில் விழுந்திருக்கும். முழுதாக இறக்குமதி செய்தால் ஒரு கணக்கு, உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பொருத்தினால் வேறு கணக்கு. சிங்கப்பூர் வாசகர்களுக்கு சிஓஇ இருக்கிறது; காரின் விலையில் அரசாங்கத்தின் கை எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சேப்மன் காலத்திலும் அதே கூத்துதான். என்ன, பொருத்தும் வேலையை ஆலைக்குப் பதில் வாங்கியவரே தன் வீட்டுக் கொட்டகையில் செய்தார்.

இதில் ஒரு கதை லோட்டஸ் ரசிகர்களிடையே பரவலாகச் சொல்லப்படுகிறது. பெட்டியோடு ‘எப்படிப் பொருத்துவது’ என்ற குறிப்பு இருந்தால் வரி விலக்கு கிடையாது என்பது விதியாம். உடனே சேப்மன், ‘இந்தக் காரை எப்படிக் கழற்றுவது’ என்று ஒரு குறிப்பை எழுதிப் பெட்டியில் வைத்தாராம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்தால் போதும். சேப்மனின் பிற வேலைகளைப் பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

விற்பனையாளர் வாங்கிய உரிமை

1967-ல் ‘தி பிரிசனர்’ என்ற தொலைக்காட்சித் தொடர் பிரிட்டனில் ஓடியது. தொடக்கக் காட்சியில் நாயகன் பேட்ரிக் மெக்கூஹன் ஒரு செவன் காரில் லண்டன் தெருக்களில் பறந்து வருவார். கடைசிப் பகுதியில் அந்தக் காரைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் மெக்கானிக்காக ஓர் ஆள் சில நொடிகள் தலைகாட்டுகிறார். அவர் நடிகர் அல்லர். கிரஹம் நேர்ன், லண்டனுக்குத் தெற்கே கேட்டர்ஹம் என்ற சிற்றூரில் செவன் கார்களை விற்றுவந்த கடைக்காரர்.

இதற்குள் சேப்மன் எங்கேயோ போயிருந்தார். ஃபார்முலா 1 உலகப் பட்டங்கள், நோர்ஃபோக்கில் பெரிய ஆலை, விலை உயர்ந்த கார்கள். பின்கட்டில் பிறந்த தகரக் கார் அவருக்குக் கூச்சமாக இருந்தது. 1970-ல் அதற்கு மேக்கப் போட்டுப் பார்த்தார்கள். நான்காம் வரிசை என்ற பெயரில் கண்ணாடியிழை உடல், கொஞ்சம் அகலம், கொஞ்சம் வசதி. பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1973 ஏப்ரலில் பிரிட்டனில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. பெட்டியில் வாங்கினாலும் வரி உண்டு என்றாகிவிட்டது. செவன் பிறந்த காரணமே போய்விட்டது என்று யாரும் கணக்குப் போடலாம்.

அதே 1973-ல்தான் நேர்ன் உரிமையை வாங்கினார். காரைச் செய்யும் உரிமை, மிச்சம் கிடந்த உதிரிபாகங்கள் அவருக்கு வந்தன. லோட்டஸ் என்ற பெயர் மட்டும் வரவில்லை. அதுவரை விற்பனை செய்தவர் இனித் தயாரிப்பாளர். நான்காம் வரிசை உதிரிகள் தீர்ந்ததும், 1974-ல் பழைய மூன்றாம் வரிசை அலுமினிய வடிவத்துக்கே திரும்பினார். லோட்டஸ் கைவிட்ட பழைய காரைப் புதிதாகச் செய்யத் தொடங்கிய அந்த முடிவில்தான் கேட்டர்ஹம் இன்றுவரை சோறு தின்கிறது.

வரிச்சலுகை போன பின்னும் ஆட்கள் ஏன் பெட்டி வாங்கினார்கள்? இதைத்தான் நேர்ன் சரியாகப் பிடித்தார் என்று நினைக்கிறேன். ஒருமுறை தன் கையால் காரைக் கட்டியவனுக்குப் பணம் மிச்சமானது மறந்துவிடுகிறது. ஒவ்வொரு போல்ட்டும் எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அது கடையில் வாங்கிய காரில் கிடைக்காத சுகம்.

நகலுக்கு வந்த வழக்கு

வடிவம் இவ்வளவு எளிமையாக இருந்தால் மற்றவர் சும்மா இருப்பார்களா? நான்கு சக்கரம், இரும்புக் குழாய், தகடு. பற்றவைக்கத் தெரிந்த யாரும் பார்த்துச் செய்யலாம். பல நாடுகளில் பலர் செய்தார்கள். அவர்களில் கேட்டர்ஹமுக்கு அதிகம் தலைவலி தந்தவர் கிறிஸ் ஸ்மித்.

ஸ்மித்துக்கு 1950களின் இன்னொரு லோட்டஸ் பந்தயக் கார் மேல் காதல். லோட்டஸ் லெவன், அதாவது பதினொன்று. அசல் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை எட்டாது. அதனால் 1980களின் தொடக்கத்தில் அதன் நகலைத் தானே செய்தார். எஞ்சின் முதலிய உறுப்புகளுக்குப் பழைய எம்ஜி மிட்ஜெட் காரைப் பிரித்துக்கொண்டார். பார்த்தவர்கள் எனக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அப்படிப் பிறந்தது வெஸ்ட்ஃபீல்ட் நிறுவனம். அடுத்து அவர் கை வைத்தது செவன் வடிவத்தில்.

அசலா நகலா என்று பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலும் குழம்பும் அளவுக்கு அந்த முதல் வெஸ்ட்ஃபீல்ட் செவன் இருந்தது. விலையோ குறைவு. பணம் கொடுத்து உரிமை வாங்கிய கேட்டர்ஹமுக்கு வயிறு எரியாதா? 1980களின் பிற்பகுதியில் விவகாரம் சட்டத்துக்குப் போனது. தீர்ப்பு வரும் முன்னரே சமரசம் ஆனது. வெஸ்ட்ஃபீல்ட் தன் காரின் வடிவத்தை மாற்ற வேண்டும்.

ஸ்மித் மாற்றினார். அலுமினியத்துக்குப் பதில் கண்ணாடியிழை, கூட்டின் அமைப்பு வேறு, அகலம் கூடுதல், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். வழக்கால் முடங்கியிருக்க வேண்டிய நகல்காரர், வழக்கின் கட்டாயத்தால் தன் சொந்தக் காரைச் செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு அதில் ரோவரின் வி8 எஞ்சினைத் திணித்தார். சுசுகி ஹயபுசா மோட்டார்சைக்கிள் எஞ்சினையும் வைத்துப் பார்த்தார். கேட்டர்ஹம்காரர்கள் முறைத்துப் பார்த்த வேகம் அது!

இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு வேடிக்கை 1996-ல் நடந்தது. ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். வெறும் 250 பவுனில் விளையாட்டுக் காரை நீங்களே கட்டலாம் என்பது அதன் வாக்குறுதி. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கு, சதுரக் குழாய்களை வெட்டு, இந்த அளவில் பற்றவை என்று படம் போட்டுச் சொன்னது. கட்டி முடித்தால் நிற்பது செவன் ஜாடையில் ஒரு கார். ‘லோகாஸ்ட்’ என்ற பெயரில் உலகம் முழுவதும் கொட்டகைகளில் இது பரவியது. 250 பவுனில் முடித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். வீடு கட்டியவர்களுக்கு பட்ஜெட் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும்.

இரண்டு மலேசியத் தரப்பு, ஒரு தாமரை

இனி நம் ஊர்ப் பக்கம். 1996 முதல் லோட்டஸ் நிறுவனம் புரோட்டோன் வசம் இருந்தது. அந்தப் பெயரை வாடகைக்கு வாங்கி, 2010-ல் டோனி ஃபெர்னாண்டஸ் ஒரு ஃபார்முலா 1 அணியை இறக்கினார். ஏர் ஏசியா உரிமையாளர், லோட்டஸ் பச்சை நிறம், மலேசியக் கொடி; நம் வீடுகளில் பலர் ஞாயிறு மாலை அதற்காகவே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரே ஆண்டில் இரு தரப்புக்கும் முறிந்தது. 2011-ல் பந்தயத் திடலில் லோட்டஸ் பெயரோடு இரண்டு அணிகள் ஓடின. ஒன்று ஃபெர்னாண்டஸின் அணி, இன்னொன்று புரோட்டோன் கையிலிருந்த லோட்டஸ் ஆதரித்த ரெனோ அணி. ஹார்ன்சி மதுக்கடைக்குப் பின்னால் பிறந்த பெயருக்காக இரண்டு மலேசியத் தரப்புகள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடின. அந்த ஆண்டு மே மாதம் நீதிபதி இரு தரப்பும் பெயரைப் பயன்படுத்தலாம் என்றார். ஃபெர்னாண்டஸ் தரப்பு பழைய ஒப்பந்தத்தை மீறியது என்றும் சொன்னார்.

தீர்ப்புக்கு முந்தைய மாதமே ஃபெர்னாண்டஸ் கேட்டர்ஹமை வாங்கியிருந்தார். நேர்ன் குடும்பம் 2005-லேயே அதை விற்றுவிட்டது. கிரஹம் நேர்ன் 2009-ல் காலமானார். பெயர்ச் சண்டையில் அலுத்த ஃபெர்னாண்டஸ் 2012 முதல் தன் பந்தய அணிக்குக் கேட்டர்ஹம் என்று பெயர் சூட்டினார். யோசித்துப் பாருங்கள். சேப்மன் வேண்டாம் என்று ஒதுக்கிய காரைச் செய்த கடைக்காரரின் ஊர்ப்பெயர், சேப்மனின் அணி ஓடிய அதே திடல்களில்.

பெயர் போனதே தவிர புள்ளி வரவில்லை. மூன்று பருவங்களில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 2014-ல் அணி கைமாறியது, சில மாதங்களில் நொடித்தது. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயமான அபுதாபிக்குப் போகப் பொதுமக்களிடம் இணையம் வழி பணம் திரட்ட வேண்டியதாயிற்று. இருபது லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது, அணி ஓடியது, அதோடு முடிந்தது. ரெனோவுடன் சேர்ந்து புதிய விளையாட்டுக் கார் செய்யும் திட்டத்திலிருந்தும் கேட்டர்ஹம் அதே ஆண்டு விலகியது. ரெனோ தனியே தொடர்ந்து 2017-ல் அல்பின் ஏ110 என்று அதைக் கொண்டுவந்தது.

பந்தய அணி மூழ்கியபோதும் செவன் செய்யும் பட்டறை மூழ்கவில்லை. அது தன்பாட்டுக்கு டார்ட்ஃபர்டில் குழாய்களுக்குத் தகடு அறைந்துகொண்டிருந்தது. 2013-ல் சுசுகியின் 660 சிசி எஞ்சினோடு ஒரு குட்டிச் செவனை அறிமுகப்படுத்தினார்கள். எடை சுமார் 490 கிலோ, நம் மைவியில் பாதி. ஜப்பானில் சிறுகார் வரிப்பிரிவுக்குள் அடங்கியதால் அங்கே நல்ல வரவேற்பு. மீண்டும் வரிதான்! ஜப்பானில் கேட்டர்ஹமை நீண்டகாலம் இறக்குமதி செய்துவந்த விடி ஹோல்டிங்ஸ், 2021-ல் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. விற்பனையாளர் தயாரிப்பாளர் ஆவது இந்தக் காரின் வாழ்க்கையில் இரண்டாவது முறை.

வெஸ்ட்ஃபீல்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஸ்மித் 2000களில் நிறுவனத்தை விற்றுவிட்டார். புதியவர்கள் மின்சாரப் பந்தயக் கார், கிரீனிச்சில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் பயணிகள் பெட்டி என்று பெரிய கனவுகளில் இறங்கினார்கள். 2022-ல் நிறுவனம் கடனில் நொடித்தது.

கியூ எழுத்து

இப்போது ஒரு கேட்டர்ஹம் பெட்டி வாங்கினால் என்ன ஆகும்? தகடு அறைந்து வண்ணம் பூசிய கூடு முழுதாக வரும். எஞ்சின் தனியே, மற்றவை பெட்டிகளில். பற்றவைக்கத் தெரிய வேண்டாம். ஸ்பேனர் செட், எஞ்சினைத் தூக்க ஒரு சங்கிலித் தொட்டில், பொறுமையான நண்பர் ஒருவர். அறுபது முதல் நூறு மணி நேரம் பிடிக்கும். அப்பாவும் மகளும் வார இறுதிகளில் கட்டுவது உண்டு. பந்தயம் ஓடிப் பழக்கமில்லாதவர்களுக்கென்றே 1995 முதல் ஒரு போட்டித் தொடரும் நடக்கிறது. காரை வாங்கி, கட்டி, உரிமம் எடுத்து, உங்களைப் போலவே புதியவர்களோடு அதே மாதிரிக் காரில் ஓட வேண்டும்.

கட்டி முடித்ததும் நேரே சாலைக்குப் போக முடியாது. நம் ஊர் புஸ்பாகோம் போல அங்கே ஓர் அரசாங்கச் சோதனை உண்டு, அதற்கு ஐ.வி.ஏ. என்று பெயர். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். அதோடு பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையைக் காரின் உடல்மேல் உருட்டுவார்கள். உருண்டை தொடும் எந்த விளிம்பும் கூராக இருக்கக் கூடாது. நடந்து போகிறவர் மேல் உரசினால் கிழித்துவிடும் அல்லவா? கட்டியவர்கள் முந்தின இரவு உட்கார்ந்து விளிம்புகளுக்கு ரப்பர் ஒட்டுவதும், தேர்ச்சி பெற்ற மறுநாள் சிலர் அதைப் பிய்த்து எறிவதும் ஊரறிந்த ரகசியம்.

தேறினால் எண் பலகை. பிரிட்டனில் எண் பலகையைப் பார்த்தே காரின் வயதைச் சொல்லிவிடலாம். புதிய உறுப்புகளால் கட்டிய கேட்டர்ஹமுக்கு அந்த ஆண்டின் எண் கிடைக்கும், கடையில் வாங்கிய காரைப் போலவே. ஒரே பழைய காரிலிருந்து முக்கிய உறுப்புகளை எடுத்துக் கட்டியதற்கு அந்தப் பழைய காரின் வயதைத் தர இடமுண்டு. அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகப் பொறுக்கி, புத்தகத்தைப் பார்த்துக் கொட்டகையில் கட்டிய செவனுக்கு? எந்த ஆண்டில் பிறந்தது, எந்தக் குடும்பம் என்று அதிகாரிகளால் சொல்ல முடியாதபோது ‘கியூ’ என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். மறுவிற்பனையில் அது விலையைக் குறைக்கும் என்பதால் பலருக்கு அது பிடிப்பதில்லை. விற்கும் எண்ணமே இல்லாதவர்கள் அதையும் நேராகத் திருகிப் பொருத்திவிட்டு, மழை வருவதற்குள் ஒரு சுற்றுக் கிளம்பிவிடுகிறார்கள்.